கை எழுதாததைக் குரல் எழுதுமா?

போரில் கையை இழந்த ஒரு பெண்ணைப் பற்றி எங்கள் கூட்டங்களில் பேச்சு வந்தால், அடுத்த வசனம் பெரும்பாலும் வாழ்வாதாரமாகத்தான் இருக்கும். கோழிக்கூடா, சிறு கடையா, தையல் சரிவருமா, வராதா என்று நாங்கள் பட்டியல் போடுவோம். அவள் படிக்க விரும்புகிறாளா, படித்தால் எதைக் கொண்டு எழுதுவாள் என்று யாரும் கேட்பதில்லை. சமூகப் பணியில் இத்தனை வருடங்கள் கழித்தும் எந்தப் படிவத்திலும் அப்படியொரு கேள்வியை நான் கண்டதில்லை.

இக்கட்டுரை அப்படிக் கேட்க வைத்த ஒரு பெண்ணைப் பற்றியது. பெயர் போட வேண்டாம் என்றாள். ஆகவே தங்கச்சி என்றே எழுதுகிறேன். 2009ஆம் ஆண்டு வன்னியில் எறிகணை வீச்சில் அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே போனது. அப்போது அவளுக்குப் பத்து வயது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. அப்பா அந்த வருடம் சித்திரைக்குப் பிறகு எங்கே என்று தெரியாது. அம்மாவும் தமக்கையும் அவளும் முகாமிலிருந்து வந்து, தறப்பாளின் கீழ் இருந்து, பின் தகரக் கொட்டில், பின் வீட்டுத்திட்டத்தில் ஒரு அறையும் ஒரு விறாந்தையும் என்று வாழ்ந்தார்கள். இவ்விதழைப் படிக்கும் உங்களில் பலருக்கு இந்த வரிசை பாடம், விளக்கத் தேவையில்லை.

சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் அவள் எழுதுநர் ஒருவரின் துணையோடுதான் எழுதினாள். பரீட்சை மண்டபத்தில் அவள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். மேலதிக நேரமும் கிடைத்தது. அந்த ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அது பரீட்சை நாளுக்கு மட்டும். மற்ற நாட்களில் குறிப்பெடுப்பது யார்? தமக்கை எழுதிக் கொடுத்தாள். தமக்கைக்குக் கலியாணமாகி அவள் வேறு ஊருக்குப் போனபோது, தங்கச்சியின் கொப்பியும் அவளோடு போய்விட்டது போலாயிற்று. இவள் அப்போதுதான் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்திருந்தாள். சமூகவியல் அவளுடைய பாடங்களில் ஒன்று. நானும் அதைப் படித்தவள் என்பதால்தான் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அக்கா, கதைச்சா எழுதுற சொவ்ற்வெயர் இருக்காம். எது நல்லது எண்டு சொல்லுங்கோ. காசு சேர்த்து வாங்குவம்" என்றாள்.

எது நல்லது என்ற கேள்விக்குப் பதில் தேட எங்களுக்கு நான்கைந்து மாதங்கள் பிடித்தன. நாங்கள் கண்டவற்றைச் சொன்னால், கையாலோ கண்ணாலோ வேறு காரணத்தாலோ எழுத முடியாத பிள்ளை உள்ள வீடுகளுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் வந்தது பெரிய பெயர். வெளிநாட்டிலிருந்து உதவும் ஒரு நிறுவனம், "ட்ரகன் என்ற மென்பொருள்தான் உலகில் சிறந்தது, அதை வாங்கித் தருகிறோம்" என்று முன்வந்தது. நான் பார்த்தபோது அதன் தொழில்முறைப் பதிப்புக்கு 699 அமெரிக்க டொலர் விலை போட்டிருந்தது. எங்கள் ரூபாவில் இரண்டு இலட்சம். அந்தப் பணத்துக்கு ஒரு பசு மாடு வாங்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். (பசு மாடு எழுதாது என்று நான் சொன்னேன்.)

ட்ரகனின் கதை சுவையானது. ஜேம்ஸ் பேக்கர், ஜனெற் பேக்கர் என்ற கணவனும் மனைவியும் 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. 1990இல் அவர்கள் வெளியிட்ட முதல் எழுத்தாக்கும் மென்பொருளுக்கு விலை 9000 டொலர். அதில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். இயல்பாகத் தொடர்ந்து பேசினால் எழுதக்கூடிய பதிப்பு 1997இல் வந்தது. 2000ஆம் ஆண்டில் அவர்கள் நிறுவனத்தைப் பங்குகளுக்கு மாற்றாக ஒரு பெல்ஜிய நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்த நிறுவனம் அதே வருடம் முறிந்தது. பங்குகள் வெறும் கடதாசியாயின. ஒரு பெண்ணின் மூளையும் உழைப்பும் பாதியாக இருந்த ஒரு கண்டுபிடிப்பு அவளுடைய கையை விட்டுப் போன விதத்தை வாசித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பல கைகள் மாறி, 2022இல் அது மைக்ரோசொவ்ற் வசமானது.

இவ்வளவு சிறப்பும் இருந்து என்ன, ட்ரகனுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் போன்ற சில மொழிகள்தான் தெரியும். எங்கள் தங்கச்சி படிப்பது தமிழ்மொழி மூலம். இதை அந்த நிறுவனத்துக்கு எழுதியபோது, "ஆங்கிலத்தைப் பயிற்சி செய்ய அவருக்கு இது நல்ல வாய்ப்பாக அமையும்" என்று பதில் வந்தது. கை இல்லாதவள் எழுதுவதற்கு வழி கேட்கிறாள். அவளுக்கு வேறொரு மொழியைப் படி என்கிறார்கள். நன்கொடை தருகிறவர்கள் தங்களிடம் உள்ளதைத் தருகிறார்கள், எங்களுக்குத் தேவையானதை அல்ல என்று நாங்கள் பலதடவை பேசியிருக்கிறோம். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். மறுத்தது எங்கள் மேலதிகாரிக்கு அவ்வளவு பிடிக்கவில்லை.

அதன்பின் தேடியதில், தமிழுக்கு உள்ள வழி காசு கொடுத்து வாங்குவதல்ல, ஏற்கெனவே கைத்தொலைபேசியில் கிடப்பது என்று தெரிந்தது. 2017 ஓகஸ்டில் கூகுள் தன் குரல் தட்டச்சில் மேலும் 30 மொழிகளைச் சேர்த்தது. தமிழும் சிங்களமும் அவற்றுள் அடங்கும். அன்ட்ரொயிட் தொலைபேசியில் ஜிபோர்ட் என்ற விசைப்பலகையில் ஒலிவாங்கிப் படம் ஒன்று இருக்கும். அமைப்புக்குள் போய்க் குரல் மொழிகளைப் பார்த்தால் தமிழ் (இந்தியா), தமிழ் (இலங்கை), தமிழ் (சிங்கப்பூர்), தமிழ் (மலேசியா) என்று நான்கு தமிழ் நிற்கும். இலங்கையைத் தெரிவு செய்யுங்கள். கணினியில் என்றால் குரோம் உலாவியில் கூகுள் டொக்ஸைத் திறந்து, கருவிகள் பகுதியில் குரல் தட்டச்சைத் தெரிவு செய்யலாம். இரண்டுக்கும் காசில்லை. இணையத்துக்குத்தான் காசு. தொடர்ந்து பேசிக்கொண்டிருக்க டேட்டா போகும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடமானால் வசனத்தின் நடுவே நின்றுவிடும். அவளுடைய வீட்டில் வேலிக்கரையில் ஒரு முருங்கைமரத்தடியில்தான் சிக்னல் நன்றாக நின்றது.

ஒரு கையால் கணினியை இயக்குபவர்களுக்கு ஒரு சிறு செய்தி. குரல் தட்டச்சைத் தொடங்கக் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ் என மூன்று விசைகளை ஒன்றாக அழுத்த வேண்டும். விரல் மடங்காதவள் எப்படி அழுத்துவாள்? விண்டோஸில் ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து தடவை தட்டினால் ஒரு கேள்வி வரும். ஓம் என்று கொடுத்தால், அதன்பின் விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலும் ஒன்றாக அழுத்தியதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். இந்த வசதி கணினியில் எத்தனையோ வருடங்களாக இருக்கிறது. கணினி வகுப்பு எடுக்கும் எங்கள் ஊர் நிலையங்களில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

முதற் சனிக்கிழமை அவள் அலுவலகத்துக்கு வந்து ஒலிவாங்கியை அமர்த்திவிட்டு வாயைத் திறந்தாள். தான் வீட்டில் கதைப்பதைப் போலவே கதைத்தாள். திரையில் வந்ததைப் பார்த்து இருவரும் சிரித்தோம். எங்கள் ஊர்ப் பேச்சில் 'விளங்கேல்லை' என்கிறோம். அந்தச் சொல்லே அதற்கு விளங்கவில்லை. 'போகேல்லை', 'வாறன்', 'செய்யிறது' எல்லாம் துண்டு துண்டாக வேறு ஏதேதோ சொற்களாக வந்து விழுந்தன.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. சார்ள்ஸ் பெர்கூசன் என்ற மொழியியலாளர் 1959இல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்ட நிலைமையை விளக்கினார். தமிழில் அதை இரட்டை வழக்கு என்கிறோம். பல்கலைக்கழகத்தில் படித்தபோது பரீட்சைக்காக மனனம் செய்த ஒரு சொல், இப்படி ஒரு தகரத் தொலைபேசியின் முன் உயிரோடு வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. கூகுள் நிறுவனம் புதிய மொழிகளைச் சேர்க்கும்போது அந்த மொழி பேசுபவர்களைக் கொண்டு வசனங்களை வாசிக்கச் செய்து குரல் சேகரித்ததாகச் சொல்லியிருக்கிறது. வாசித்த குரலில் பழகிய இயந்திரத்துக்கு வாசிப்பதுபோலப் பேசினால்தான் புரியும். எனவே வானொலியில் செய்தி வாசிப்பவரைப்போலப் பேசிப் பார் என்றேன். 'அவர்கள் இடம்பெயர்ந்து சென்றனர்' என்று சொன்னாள். அப்படியே எழுத்துப் பிசகாமல் வந்தது. அவளுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கண்டோம். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னால் பிழை கூடும். முழு வசனத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் பிழை குறையும். ஏனென்றால் அது காதால் மட்டும் கேட்பதில்லை, பக்கத்துச் சொற்களைப் பார்த்து ஊகிக்கிறது. கரையா கறையா என்று தனியே சொன்னால் அதற்குத் தெரியாது. 'கடற்கரையில்' என்றால் தெரிந்துவிடும். எங்கள் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வருகிறது. வாழை என்று சொல்பவர்கள் குறைவு, வாளை என்போர்தான் அதிகம். அதையும் பெரும்பாலும் சமாளித்துவிட்டது. சமாளிக்காதவை ஊர்ப் பெயர்களும் ஆட்பெயர்களும். இந்திய வழக்கில் எழுதுவதும் உண்டு. நாங்கள் யூலை என்று எழுதுவதை ஜூலை என்று எழுதும். பிழையில்லை, ஆனால் திருத்துபவர் யார் என்பதைப் பொறுத்தது. வல்லின ஒற்றை விட்டுவிடுவதும் உண்டு. அதை நம் தமிழாசிரியைகள் மன்னிக்க மாட்டார்கள்.

நிறுத்தக்குறிகள்தான் பெரிய தலையிடி. ஆங்கிலத்தில் குறியின் பெயரைச் சொன்னால் குறியே விழும். தமிழில் 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் முற்றுப்புள்ளி என்ற சொல்லை எழுதிவிடுகிறது. வரியை அழி, மேலே போ என்ற கட்டளைகளும் தமிழில் இல்லை. தங்கச்சி இதற்குத் தானே ஒரு வழி கண்டாள். வசனம் முடிய முற்றுப்புள்ளி என்றும், இடையில் காற்புள்ளி என்றும் சொல்லிக்கொண்டே போவாள். எல்லாம் முடிந்தபின் தேடி மாற்றும் வசதியைத் திறந்து, முற்றுப்புள்ளி என்ற சொல் உள்ள இடமெல்லாம் ஒரு புள்ளியை வைக்கும்படி கொடுப்பாள். ஒரே தட்டலில் முழுக் கட்டுரையும் ஒழுங்காகிவிடும். இதை நான் இணையத்தில் எங்கும் வாசிக்கவில்லை, அவளுடைய மூளையில் வந்தது. மிச்சத் திருத்தங்களை இடது கையின் மூன்று விரல்களால் செய்வாள். இரண்டு பக்கம் தட்டச்சுச் செய்ய முன்பு இரண்டு நாள் போகும். இப்போது சொல்ல ஒரு மணித்தியாலம், திருத்த ஒரு மாலை.

ஒப்படைகளுக்கு இது சரிவந்தது. குறிப்பெடுக்கச் சரிவரவில்லை. வார இறுதி விரிவுரையில் தொலைபேசியை முன்மேசையில் வைத்துப் பார்த்தோம். மின்விசிறிச் சத்தம், கதிரை இழுக்கும் சத்தம், பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக விரிவுரையாளர். வந்தது ஒன்றும் வாசிக்கத் தக்கதாக இல்லை. ஆகவே விரிவுரையாளரிடம் அனுமதி கேட்டு ஒலிப்பதிவு மட்டும் செய்துகொண்டு வருவாள். வீட்டில் ஒரு காதில் கேட்பொறியை மாட்டிக்கொண்டு, கேட்டதைத் தன் குரலில், தன் வசனத்தில் திரும்பச் சொல்வாள். தொலைபேசி அதை எழுதும். வெளிநாடுகளில் தொலைக்காட்சிக்கு உடனுக்குடன் எழுத்து ஓடவிடுபவர்களில் பலரும் இப்படித்தான் கேட்டுத் திருப்பிச் சொல்லி வேலை செய்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் திருப்பிச் சொல்லும்போதே பாதிப் பாடம் மனதில் நிற்கிறது என்கிறாள்.

இதுவரை சொன்னவை கருவியின் சங்கதிகள். இவற்றைவிடப் பெரிய ஒன்று இருக்கிறது. எழுதுவது தனியான காரியம். பேனை எழுதும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. குரலால் எழுதுவதானால் உரத்துச் சொல்ல வேண்டும். ஒரு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள வீட்டில் உரத்துச் சொன்னால் எல்லாருக்கும் கேட்கும். வேலிக்கரையில் நின்று சொன்னால் அயலுக்கும் கேட்கும். "பிள்ளை தனியக் கதைக்குது, மனம் சரியில்லையோ" என்று அயலில் ஒருவர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா வந்து என்னிடம் சொல்லி அழுதார்.

இரண்டாவது ஒப்படை, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பற்றியது. தங்கச்சி எங்கெங்கோ நூல்களைத் தேடாமல் தன் வீட்டிலிருந்தே தொடங்கினாள். அப்பா இல்லாத வருடங்களில் அம்மா என்ன வேலை செய்தார், யாரிடம் கடன் பட்டார், கிராம அலுவலரிடம் போனால் கணவன் பெயருக்கு நேரே என்ன எழுதச் சொன்னார்கள், விதவை என்றும் எழுத மனமில்லாமல் வேறு ஒன்றும் எழுத வழியில்லாமல் நின்ற நாள், இவையெல்லாம் அந்தக் கட்டுரையில் வரவேண்டும். கையால் எழுதக்கூடியவளாக இருந்தால் ஒரு மூலையில் இருந்து எழுதி முடித்திருப்பாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் தெரியும், கட்டுரையை வாசித்திருக்கவும் மாட்டார். இப்போது ஒவ்வொரு வசனத்தையும் அம்மா குசினிக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நாள் தங்கச்சியால் சொல்ல முடியவில்லை. 'குடும்பத் தலைவன் காணாமல் ஆக்கப்பட்ட நிலையில்' என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். "அக்கா, எங்கட வீட்டில அப்பாவைப் பற்றி அப்பிடி ஒரு சொல்லு ஒருநாளும் சத்தமாச் சொன்னதில்லை. அதைச் செய்தி வாசிக்கிற குரலில எப்பிடிச் சொல்லுறது?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எந்த மென்பொருள் நல்லது என்று ஒப்பிட்டு எழுதும் எவரும் இதை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

எங்கள் அலுவலகத்தின் பின்னறையைச் சனிக்கிழமைகளில் தரலாம் என்றேன். இரண்டு கிழமை அங்கே வந்து சொன்னாள். மூன்றாவது கிழமை பஸ் இல்லை. வீட்டிலேயே சொன்னாளாம். சொல்லிக்கொண்டு போகும்போது அம்மா குசினிக்குள் இருந்து, "பங்குனி இல்லைப் பிள்ளை, சித்திரை. நாங்கள் சனிக்கிழமை பங்கருக்குள்ள இருந்தனாங்கள், கொப்பர் தண்ணி எடுக்கப் போனது அடுத்த நாள்" என்றாராம். தொலைபேசி அதையும் எழுதிவிட்டது, பிழையும் சரியுமாக. தங்கச்சி அதை அழிக்கவில்லை. அன்றிரவு அம்மா நீளச் சொன்னார் என்றும், அதில் பாதி தான் முன்னர் அறியாதது என்றும் சொன்னாள். அதைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. அது ஒப்படைக்குரியதல்ல என்றாள், நானும் சரி என்றேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நாம் சொல்வது தொலைபேசிக்குள்ளேயே நிற்பதில்லை. இணையம் வழியாக எங்கோ உள்ள நிறுவனக் கணினிக்குப் போய்த்தான் எழுத்தாகத் திரும்புகிறது. கூகுள் கணக்கின் அமைப்பில் குரல் பதிவுகளைச் சேமிப்பதை நிறுத்தவும் பழையவற்றை அழிக்கவும் இடமுண்டு. அதைச் செய்து வையுங்கள். அதற்கு மேலும், பிறர் நம்பிச் சொன்ன கதைகளை, ஆட்பெயரோடும் ஊர்ப்பெயரோடும் இதில் சொல்ல வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தங்கச்சி வேறு மூன்று பெண்களிடம் நேர்காணல் செய்தாள். அவர்களை அ, ஆ, இ என்றே சொன்னாள். பெயர்கள் அவளுடைய தலைக்குள் மட்டும்.

இணையம் இல்லாமலே வேலை செய்யும் ஒன்றும் உண்டு. 2022 செப்டெம்பரில் வந்த விஸ்பர் என்ற மென்பொருளை இலவசமாக எடுத்து நம் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒலிப்பதிவைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும். கணினி தெரிந்த ஒரு பெடியன் எங்கள் அலுவலகக் கணினியில் போட்டுத் தந்தான். குரல் வெளியே போகாது என்பது இதன் பெரிய நன்மை. ஆனால் எங்கள் பழைய கணினியில் ஆமைபோல நகர்ந்தது. தமிழில் பிழையும் கூட. ஒரு வினோதமும் உண்டு. பதிவில் எவரும் பேசாமல் இருக்கும் இடத்தில், சொல்லாத வசனத்தைத் தானே எழுதிவிடும். எங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் அப்படி நடந்திருக்கிறது. நேர்காணலுக்குப் பயன்படுத்துபவர்கள் பதிவைத் திரும்பக் கேட்டு ஒப்பிடாமல் ஒரு வரியையும் நம்பக்கூடாது.

ஒப்படையை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வேறு தடை வந்தது. அந்த நிறுவனத்தில் ஒப்படைகள் மாணவரின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்று விதி. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் அச்செடுப்பதைத் தடுக்கப் போட்டதாம். முதலாவது ஒப்படை வாசிக்கப்படாமலே திரும்பி வந்தது. 'கையெழுத்துப் பிரதி அல்ல' என்று சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்கள். கையில்லாதவளிடம் கையெழுத்துக் கேட்ட அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மைக் ஒலிவர் என்ற பிரித்தானிய சமூகவியலாளர், தாமும் சக்கர நாற்காலியில் இருந்தவர், உடலில் உள்ள குறை வேறு, சமூகம் போடும் தடை வேறு என்று ஆயுள் முழுவதும் வாதாடினார். தங்கச்சிக்குக் கை இல்லை என்பது குறை. கையெழுத்தில்தான் வேண்டும் என்பது தடை. முதலாவதை நாங்கள் மாற்ற முடியாது. இரண்டாவது ஒரு கடதாசியில் இருக்கும் வரி.

கடிதம் எழுதினோம். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, மாற்றுத்திறனுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. கல்வி நிறுவனத்துக்கு அனுமதிப்பதில் அவர்களுக்குப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. மாற்றுத்திறனுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கல்வியில் நியாயமான வசதிகளைச் செய்து கொடுக்க வேண்டும் என்பது அதன் கடப்பாடு. இவற்றைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றிதழை இணைத்து, கட்டுரை எப்படி உருவானது என்பதை ஒரு பக்கத்தில் விளக்கினோம். பதில் வர ஏழு கிழமை.

அவர்களுடைய சந்தேகம் இப்போது வேறு. இயந்திரம் தானே கட்டுரை எழுதிக் கொடுக்கும் காலம் இது. குரல் மென்பொருள் என்றவுடன் அதையும் இதையும் ஒன்றென்று நினைத்துவிட்டார்கள். ஒன்று நாம் கேட்டால் தானே எழுதித் தருவது. மற்றது நாம் சொன்னதை மட்டும் எழுதுவது, பேனை மாதிரி. வித்தியாசத்தைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது இலகு என்று தங்கச்சி சொன்னாள். பாடத்துக்குப் பொறுப்பான பெண் விரிவுரையாளர் நேரில் வரச் சொன்னார். அவருக்கு முன்னால் தொலைபேசியை வைத்து, அவர் கேட்ட கேள்விக்குப் பதிலை முற்றுப்புள்ளி காற்புள்ளியோடு சொல்லிக் காட்டினாள். அவர் திரையை வாசித்துவிட்டு, "இதில ஒரு ஒற்று விட்டுப்போச்சு" என்றாராம். இரண்டு ஒப்படைகளையும் ஏற்றுக்கொண்டார்கள். அவளுக்கு மட்டுமான விதிவிலக்கு என்று கடிதத்தில் இருந்தது. விதியை மாற்றவில்லை. அடுத்த பிள்ளை வரும்போது திரும்பவும் ஏழு கிழமை போகும்.

எது நல்லது என்று இப்போது யாரும் என்னிடம் கேட்டால், வாங்குவதற்கு முன் அந்தப் பிள்ளையின் சொந்தக் குரலில், சொந்தப் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தை அதற்குச் சொல்லிப் பாருங்கள் என்கிறேன். விளம்பரத்தில் பேசுபவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. பேசுவதற்கு இடம் எங்கே என்பதையும் முன்பே யோசியுங்கள். பாலர் பாடசாலைக் கட்டடம் மத்தியானத்துக்குப் பின் சும்மாதான் கிடக்கும். மாதர் சங்கங்கள் கேட்டால் திறந்து தருவார்கள். இன்னுமொன்று, குரல் தட்டச்சில் வருவது யுனிக்கோட் எழுத்து. அச்சகங்களிலும் சில அலுவலகங்களிலும் இன்னும் பாமினி எழுத்துருவில் கேட்பார்கள். மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் இலவசமாக உண்டு. அதற்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பரீட்சைக்கு இந்த வழி உதவாது. மண்டபத்துக்குள் தொலைபேசியும் இல்லை, இணையமும் இல்லை. அங்கே எழுதுநர்தான். சென்ற பரீட்சையில் பழக்கதோஷத்தில் எழுதுநருக்கும் வசனத்துக்கு வசனம் முற்றுப்புள்ளி என்று சொல்லியிருக்கிறாள். அவர் முதலில் சிரித்துவிட்டு, பின்னர் இப்படிச் சொன்னால் தனக்கு வேகமாக எழுத முடிகிறது என்றாராம். எழுதுநருக்கும் மேலதிக நேரத்துக்குமான விண்ணப்பத்தை மருத்துவச் சான்றிதழோடு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இந்தமுறை தங்கச்சி அதை மார்கழியிலேயே கொடுத்துவிட்டாள்.